இரு முனையிலும் ஆளில்லை

சங்கரவடிவு அம்மாள் முந்தின நாள் மாலையும் மெல்போர்னிலிருந்த தம் மகனுடன் பேசியிருந்தார். உடம்பு நன்றாக இருப்பதாகவும், முழங்கால் வலி சற்றுக் குறைந்திருப்பதாகவும், அடுத்த வீட்டில் முருங்கைக்காய் கொடுத்ததாகவும் சொல்லியிருந்தார். அவர் இறந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது என்று அரசு மருத்துவர் இப்போது சொல்லிக்கொண்டிருந்தார்.

குற்றப்பிரிவுத் துணைக் கண்காணிப்பாளர் குழல்வாய்மொழி, பாளையங்கோட்டையின் அந்த வீட்டில், படுக்கையறை வாசலைத் தாண்டாமல் நின்றாள். எந்த அறைக்குள்ளும் நுழையுமுன் வாசலில் நின்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவது அவள் வழக்கம். உடல் தெற்கே தலைவைத்து நேராகக் கிடத்தப்பட்டிருந்தது. தாடையும் கால் பெருவிரல்களும் வெள்ளைச் சுருள்துணியால் கட்டப்பட்டிருந்தன. தலைமாட்டில் ஒரு காமாட்சி விளக்கு, எண்ணெய் வற்றி, திரி கருகி நின்றது. கதவிடுக்கில் துணி திணிக்கப்பட்டிருந்தது. குளிரூட்டி மிகக் குறைந்த வெப்பநிலையில் ஓடியிருக்கிறது. தெருவின் மின்மாற்றி பழுதாகாதிருந்தால் இன்னும் சில வாரங்களுக்கு ஒருவருக்கும் எதுவும் தெரிந்திராது.

"மூணாவது, மேடம்," என்றார் உதவி ஆய்வாளர் மிக்கேல் அந்தோணி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. "கோவில்பட்டியிலயும் இப்படித்தான், அம்பாசமுத்திரத்துலயும் இப்படித்தான். தலகாணிய வச்சு அமுக்கிட்டு, பொறவு மரியாதையாப் படுக்க வச்சிருக்கான். கொள்ளியும் வச்சிட்டுப் போயிருந்தான்னா நமக்கு வேலையே இருந்திருக்காது."

"அந்தக் கட்டப் பாருங்க, மிக்கேல். பழகின கை. ஆஸ்பத்திரியில கட்டுத கட்டு."

"நகை அப்படியே இருக்கு. பீரோவைத் தொடல. எனக்கு மகன் மேலதான் சந்தேகம், மேடம். செத்த தாயோட ரெண்டு வாரமா பேசிக்கிட்டு இருந்திருக்கான்."

கூடத்தில், சுவரோரமாக, சோப்புப்பெட்டி அளவில் ஒரு வெண்ணிறப் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் குழல்வாய்மொழி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தென்காசியில் அவளுடைய அம்மாவின் வீட்டிலும் அதே பெட்டி இருந்தது. வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

'மறுகுரல்' என்ற அந்தச் சேவை வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒருவருடைய குரலையும், பேசும் தோரணையையும், அன்றாட விசாரிப்புகளையும் கற்றுக்கொண்டு, அவர் களைத்திருக்கும்போது அவருக்குப் பதிலாக அது பேசும். பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாமென்று சொல்லும். வாசல் மணியை அழுத்துகிறவரிடம், குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, ஆளில்லாத வீட்டை ஆளிருக்கும் வீடாகக் காட்டும். பேசுவது மனிதரா, இயந்திரமா என்பதை மறுமுனை அறிய முடியாது. அறிய முடியாது என்பதற்காகவே மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அதன்பின் யாரும் யாருடைய குரலையும் முழுதாக நம்பவில்லை. ஆனால், நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

குழல்வாய்மொழியும் தன் கைப்பேசியில் அதை வைத்திருந்தாள். நாள்தோறும் மாலை விளக்கேற்றும் நேரத்தில் அவளுடைய மறுகுரல் அம்மாவை அழைத்துப் பேசிவிடும். கடைசியாக அம்மாவுடன் தானே பேசியது எப்போது என்பதை, அந்தப் படுக்கையறை வாசலில் நின்றபடி, அவளால் நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை.

சங்கரவடிவு அம்மாளின் மகன் நம்பிராஜன் அன்று முற்பகலில் திரையில் வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. அழுகையும் வீக்கமும் குழல்வாய்மொழிக்குப் பொருட்டல்ல. அவள் அவனுடைய கண்களை மட்டும் பார்த்தாள்.

"நேத்து அம்மாகிட்ட என்ன பேசினீங்க?"

"வழக்கமாப் பேசறதுதான், மேடம். சாப்ட்டீங்களா, முட்டு வலி எப்படி இருக்குன்னு."

"அவங்க குரல்ல வித்தியாசம் ஏதும் தெரியலியா?"

"இல்ல."

"சிரிச்சாங்களா?"

அவன் கண்கள் திரையின் ஓரத்துக்குப் போயின.

"சிரிச்சாங்களா, நம்பிராஜன்? கேட்டவருக்குத் தெரியுமே."

"நான்... எனக்குச் சுருக்கம் வந்துச்சு, மேடம்," என்றான் அவன். "இங்க வேலை அப்படி. என் பக்கமும் மறுகுரல்தான் பேசும். பேசி முடிச்சதும், அம்மா நல்லா இருக்காங்கன்னு எழுதி அனுப்பும். நான் ஒரு நாள்கூடத் தவறாமப் படிச்சிடுவேன்."

மிக்கேல் அந்தோணி மெதுவாகத் தொண்டையைச் செருமினார். அவர் முகத்திலிருந்த சந்தேகம் அருவருப்பாக மாறுவதைக் குழல்வாய்மொழி கவனித்தாள். அந்த அருவருப்புக்கு அவளும் உரியவள் என்பது அவருக்குத் தெரியாது.

மறுகுரல் நிறுவனத்தின் பொறியாளர் முகிலரசன் சென்னையிலிருந்து மறுநாள் வந்து சேர்ந்தான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி யாரோ அவனுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள் என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒரு முனையில ஆள், இன்னொரு முனையில மறுகுரல்னா, பேச்சு நடக்கும்," என்றான். "ரெண்டு முனையிலும் மறுகுரல்னா பேச்சே நடக்காது, மேடம்."

"பின்ன என்ன நடக்கும்?"

"கேட்க ஆள் இல்லாதப்போ குரல் எதுக்கு? ரெண்டும் ஒரு நொடியில தகவலை மாத்திக்கும். ரெண்டு பக்கமும் ஒரு சுருக்கம் போயிடும். வீட்டுப் பெட்டியில பச்சை விளக்கு மட்டும், வழக்கமாப் பேசற நேரம் முடியற வரைக்கும் எரியும்."

"பேச்சு இல்ல, சத்தம் இல்ல. பொறவு விளக்கு எதுக்கு எரியணும்?"

"ஒரு திருப்திக்குத்தான். உறவு தொடருதுங்கற மாதிரி."

மிக்கேல் அந்தோணி சிரித்துவிட்டார். "தம்பி, எங்க வீட்டுல விளக்கே எரியாம என் பொண்டாட்டி திட்டுவா. அதுல ஒரு திருப்தி இருக்கு, தெரியுமா?"

குழல்வாய்மொழி சிரிக்கவில்லை. "எந்தெந்த வீட்டுல ரெண்டு பக்கமும் மெஷின்னு உங்ககிட்டப் பதிவு இருக்கும்ல?"

"இல்லை, மேடம். உடனுக்குடன் அழிச்சிடுவோம். சட்டமே அப்படித்தான். நாளைக்கு ஒரு தாய் வழக்குப் போட்டு, என் மகன் எத்தனை தடவை தானே பேசினான்னு கேட்டா, நாங்க என்ன சொல்றது? அந்த ரகசியத்துக்குத்தான் ரெண்டு பேருமே எங்ககிட்ட வர்றாங்க."

"ரெண்டு பேருமேயா?"

"பெத்தவங்களும்தான், மேடம். பேசிப் பேசி அலுத்துப்போய் அவங்களும் போட்டு விட்டுடறாங்க."

அவனை அனுப்பிவிட்டு அவள் சன்னலருகே நின்று யோசித்தாள். இறந்த மூவரும் தனித்து வாழ்ந்தவர்கள். மூவரின் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்தார்கள். மூன்று வீடுகளிலும் இரு முனையிலும் ஆளில்லை. இப்படிப்பட்ட வீடுகளை மட்டும் ஒருவன் பொறுக்கியெடுத்திருக்கிறான். பதிவு எதுவும் இல்லையென்றால், மாலை வேளையில் அந்தக் கூடங்களில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் எரியும் விளக்கை அவன் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று வீடுகளுக்கும் பொதுவாகச் சென்று வந்தவர் ஒருவர்தான் அகப்பட்டார். பெயர் பிச்சுமணி. மறுகுரல் நிறுவனத்தின் குரல் புதுப்பிப்பாளர். வயதானவர்களின் குரல் மாதத்துக்கு மாதம் மாறுமாம். ஆகவே, வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் பேச வைத்துப் பதிந்துகொண்டு போவார். அதற்குமுன் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருந்தவர். விசாரணைக்கு அழைத்ததும் மறுப்பில்லாமல் வந்தார். மெலிந்த உருவம், படிய வாரிய தலை, மடியில் ஒரு துணிப்பை. சங்கரவடிவு அம்மாளின் பெயரைச் சொன்னதும் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"பால் நின்னுபோச்சுன்னு இப்பச் சொன்னீங்களே, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மேடம். காலையில போனேன். அப்ப நல்லா இருந்தாங்க."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?"

"இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. வெங்காயச் சட்னி. எனக்கும் ரெண்டு வச்சாங்க. எனக்குன்னு ஒருத்தர் தட்டு வைக்கிறது அபூர்வம், மேடம். அதனால ஞாபகம் இருக்கு."

நம்பிராஜனுக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்த சுருக்கத்திலும் அதுவே இருந்தது: காலையில் இட்லி, வெங்காயச் சட்னி, உடல்நலம் திருப்தி. மறுநாள் சனிக்கிழமை அவருடைய குரல் பால்காரரிடம் பாலை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. குளிரூட்டியின் குளிரால், இறந்த நாளை மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பால் நின்ற சனிக்கிழமையே கொலை நடந்த நாள் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். சனிக்கிழமை முழுதும் பிச்சுமணி மதுரையில் நிறுவனப் பயிற்சியில் இருந்தார். அறை நிறையச் சாட்சிகள்.

"இந்தாளு இல்ல, மேடம்," என்றார் மிக்கேல் அந்தோணி, பிச்சுமணி போனபிறகு. "சொன்னதெல்லாம் ஒத்துப் போகுது."

"அதான் மிக்கேல் உறுத்துது. மனுசன் சொல்லுதது இப்படி ஒத்துப் போகாது. சட்னி வரைக்குமா ஒத்துப் போகும்?"

சந்தேகத்துக்குச் சான்று வேண்டும். அவள் மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போய், வீடு வீடாக ஒரே கேள்வியைக் கேட்டாள்: அந்த வெள்ளிக்கிழமை சங்கரவடிவு அம்மாளின் முகத்தை யாராவது பார்த்தார்களா? குரலைக் கேட்டவர்கள் பலர் இருந்தார்கள். முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டுப் பெண்மணி மட்டும், அன்று விடியற்காலையில் புரோகிதர் வெங்கிட்டு ஐயர் அந்த வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டு போனார் என்றாள்.

வெங்கிட்டு ஐயரை அவள் கோயில் தெப்பக்குளத்துப் படியில் பிடித்தாள். துணி பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். காக்கியைக் கண்டும் கலங்கவில்லை.

"போனது வாஸ்தவம்தான். அவா ஆத்துக்காரருக்கு அன்னிக்குத் திதி. பிள்ளை சீமையில இருக்கான், அந்தம்மாதான் வருஷம் தவறாம நடத்துவா. எள்ளும் தர்ப்பையும் எடுத்துண்டு, பொழுது விடியறச்சே போய் நிக்கறேன். மணி அடிச்சா உள்ளேருந்து, 'குளிச்சிக்கிட்டு இருக்கேன், அப்புறம் வாங்க'ன்னு குரல் மட்டும் வரது. அப்புறம் வரதுக்கு அது என்ன சீட்டுப் பணமா? வேற யாரையோ ஏற்பாடு பண்ணிட்டா போலிருக்குன்னு நான் திரும்பிட்டேன்."

"அன்னைக்குக் காலையில அவங்க இட்லி சாப்பிட்டிருக்காங்க, சாமி. வெங்காயச் சட்னியோட."

ஐயர் பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொன்னா? நான் அரிசியும் வாழைக்காயும் வாங்கிண்டு கிளம்பி, அந்தம்மா காக்காய்க்கு வச்சு, அது வந்து எடுத்தப்புறம்தான் வாயில ஜலமே விடுவா. அன்னிக்கு அந்த ஆத்துக்குள்ள வெங்காயம் வருமா? செத்தாத்தான் வரும்."

சொன்னபிறகுதான் அவருக்குத் தாம் சொன்னது உறைத்தது. குளத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

திரும்பும் வழியில் அவள் முகிலரசனை அழைத்தாள். கணவரின் திதி அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டாள்.

"அது ஆங்கிலத் தேதியைத்தான் பிடிச்சு வச்சிருக்கும், மேடம். திதி வருஷா வருஷம் தேதி மாறும் இல்லையா? அவங்க பேச்சுவாக்குல சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருக்கும்."

"சொல்ல யாரும் கேட்டிருக்க மாட்டாங்க," என்றாள் அவள்.

நம்பிராஜனையும் கேட்டாள். "அப்பா திதியா? அது செப்டம்பர்ல வருமே, மேடம்," என்றான் அவன். இறந்தவரின் நாளைத் தேய்பிறையை எண்ணிக் காத்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவர் இல்லாமற் போனதும் அந்த நாளும் இல்லாமற் போயிற்று. வெள்ளிக்கிழமை விடியுமுன்பே அவர் இறந்துவிட்டார். அவர் இட்லி தின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லக்கூடியவன், அந்தப் பொய்யை இயந்திரத்திடமிருந்தே வாங்கியிருக்க வேண்டும். இயந்திரத்தின் தவறு அவனுடைய வாயிலும் அப்படியே இருந்தது.

மறுநாள் முற்பகலில் பிச்சுமணியை மீண்டும் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். குழல்வாய்மொழி அதிகம் பேசவில்லை. திதியைச் சொன்னாள். காக்கையைச் சொன்னாள். வெங்காயத்தைச் சொன்னாள். அவர் மூன்றையும் கேட்டு, துணிப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"எனக்கு அது தெரியாமப் போச்சு, மேடம்," என்றார். குரலில் பதற்றம் இல்லை. தெரியாமற் போனதற்கான வருத்தம் மட்டும் இருந்தது. "வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சு. பால நிப்பாட்ட மறந்துட்டேன். மதுரையிலேர்ந்துதான், குரல் புதுப்பிக்கிற என் கருவி வழியா, பெட்டியச் சொல்ல வச்சேன். யாராவது கேட்டா ஒண்ணா இருக்கணுமேன்னு அந்தப் பெட்டிகிட்டயே கேட்டேன். 'வெள்ளிக்கிழமை அம்மா என்ன சாப்பிட்டதாச் சொன்னே'ன்னு. அது சொன்னதத்தான் நானும் சொன்னேன்."

"எதுக்குக் கொன்னீங்க?"

"குரல் எடுக்கப் போவேன். அந்த அம்மா, 'கொஞ்சம் இருங்க தம்பி, பையன் பேசற நேரம்'னு சேலையத் திருத்திக்கிட்டு வந்து பெட்டி முன்னால உட்காருவாங்க. பச்சை விளக்கு எரியும். சத்தம் வராது. 'நீங்க பேசலியாம்மா'ன்னு கேட்டேன். 'நான் பேசினா அவனுக்கு இடைஞ்சல், தம்பி. பேசாம இருந்தா விளக்காவது எரியுது'ன்னாங்க. விளக்கு அணையற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஆஸ்பத்திரியில நான் பார்த்திருக்கேன், மேடம். உயிர் போனபிறகும் மெஷின்ல கோடு ஓடிக்கிட்டு இருக்கும். யாராவது ஒருத்தர் போய் அதை நிறுத்தணும்."

"அவங்களுக்கு உயிர் இருந்துச்சு."

"யாருக்காக? நான் கொன்னது ஒருத்தருக்கும் தெரியலியே, மேடம். தெரிஞ்சிருந்தா நான் கொலைகாரன். ரெண்டு வாரமா ஒருத்தருக்கும் தெரியலன்னா, அதுக்கு யாரு பேரு வைக்கிறது?"

மிக்கேல் அந்தோணி நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்தார். குழல்வாய்மொழி கையமர்த்தினாள். இந்த வாதத்துக்கு அவளிடம் விடை இருந்தது. ஆனால், அதைச் சொல்லும் தகுதி தனக்கு இருக்கிறதா என்ற ஐயம் அவளுக்கு எழுந்தது.

பிச்சுமணி அவளுடைய சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தார். "குழல்வாய்மொழி. அடிக்கடி வைக்கிற பேரில்ல. தென்காசியில ஆவுடையம்மாள்னு ஒருத்தங்க, கோயிலுக்குப் பின்னால வீடு. போன வாரம் அங்கேயும் போயிருந்தேன். கூடத்துல உங்க படம் மாட்டியிருக்கு."

அவள் மேசையின்மேல் குனிந்தாள்.

"எங்கம்மாவ என்ன செஞ்ச?"

"நீங்கதான் தினமும் பேசுதீங்களே," என்றார் அவர், அவளுடைய ஊர்ப் பேச்சிலேயே. "நல்லா இருக்கதாச் சொல்லலியா?"

அதன்பின் அவர் வாயைத் திறக்கவில்லை. மிக்கேல் அந்தோணி சட்டையைப் பிடித்து உலுக்கியும் திறக்கவில்லை.

குழல்வாய்மொழி ஓடிக்கொண்டே அம்மாவின் எண்ணை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"சொல்லுட்டி. என்ன இந்த நேரத்துல?"

"அம்மா, நீயா பேசுத?"

"நானில்லாம வேற யாரு பேசுவா? சாப்ட்டியா?"

அம்மாவின் குரல்தான். அம்மாவின் மூச்சுத்தான். அம்மாவுக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் மனம் துழாவியது. பழைய செய்திகள் எல்லாம் தொலைபேசியில் பலமுறை பேசப்பட்டவை. அது கற்றிருக்கும். அண்மையில் அம்மாவின் நாள்கள் எப்படிக் கழிந்தன என்பது அவளுக்கே தெரியாது. கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

"சாப்ட்டேன்மா," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

வண்டி ஆலங்குளத்தைத் தாண்டுமுன் தென்காசி நிலையத்திலிருந்து ஒரு தலைமைக் காவலர் அழைத்தார்.

"அம்மா நல்லா இருக்காவ, மேடம். மணி அடிச்சேன், பேசினாவ. குளிச்சிக்கிட்டு இருக்காவளாம்."

"முகத்தப் பார்த்தீங்களா?"

"இல்ல, மேடம். அவுகளே பேசுதாவளே."

"கதவு எப்படி இருக்கு?"

"இரும்புக் கிராதி பூட்டியிருக்கு. ஏசி ஓடுத சத்தம் கேக்கு."

"பூட்ட உடைங்க."

"மேடம், உள்ள அவுக குளிச்சிக்கிட்டு..."

"உடைங்கன்னு சொன்னேன்."

கிராதியின் பூட்டு பழங்காலத்துத் திண்டுக்கல் பூட்டு. அறுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வண்டி தெருமுனையில் வந்து நின்றது. தெருவாசிகள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். அவள் கிராதியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். மணியை அழுத்தினாள்.

"குளிச்சிக்கிட்டு இருக்கேன், அப்புறம் வாங்க," என்றது உள்ளிருந்து அம்மாவின் குரல்.

மறுபடியும் அழுத்தினாள். அதே குரல் சற்றுச் சலிப்புடன் அதையே சொன்னது. கதவிடுக்கில் துணி திணித்திருக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். கண் கலங்கியதில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னட்டி, படையெடுத்து வந்திருக்க?"

அதே குரல், அவள் முதுகுக்குப் பின்னால். திரும்பினாள். வயர்க்கூடையும் கையுமாக ஆவுடையம்மாள் தெருவில் நின்றுகொண்டிருந்தார். கூடையின் விளிம்பில் தண்டுக்கீரை தொங்கிக்கொண்டிருந்தது.

"வாரேன்னு சொல்லியிருந்தா கொஞ்சம் பால் கூட வாங்கியிருப்பேன்லா."

குழல்வாய்மொழி அம்மாவின் மணிக்கட்டைப் பற்றினாள். நாடி துடித்தது. அதை விடாமல் நின்றாள்.

"கைய விடு, கீரை நசுங்குது. இத்தன போலீசு எதுக்கு? நம்ம வீட்டுல களவு போயிட்டா?"

"ஏசி ஓடுதே, அம்மா."

"அணைக்க மறந்துட்டேன். அதுக்குமா அரெஸ்ட் பண்ணுவாவ?"

காவலர்களை அனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பிச்சுமணியைப் பற்றிக் கேட்டாள். அவர் செய்ததைச் சொல்லாமல், வந்தாரா என்று மட்டும் கேட்டாள்.

"வந்தாரே, அந்தத் தம்பி. குரல் எடுத்த பொறவும் போகாம உட்கார்ந்திருந்தாரு. சாயங்காலம் நான் பேசி முடிக்கித வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாரு. 'நீங்களே பேசுதீங்களாம்மா'ன்னாரு. என் பிள்ளகிட்ட நான் பேசாம யாரு பேசுவான்னேன். கண்ணு கலங்கிட்டு அவருக்கு. கால்ல விழுந்து கும்புட்டுட்டுப் போயிட்டாரு. பாவம், தாய் இல்லாத பிள்ள போல."

குழல்வாய்மொழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அது நானில்ல," என்றாள். "சாயங்காலம் உன்கிட்டப் பேசுதது நானில்ல."

"எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது நாளே. நீ 'ம், சரி, அப்புறம்'னுதான் பேசுவ. அது கேள்வி கேக்குது. போன ஆடியில எனக்குக் காய்ச்சல் வந்தத, நான் சொல்லாமலே இருமல வச்சுக் கண்டுபிடிச்சுது." அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே பேசினார். "முதல்ல அழுகையா வந்துது. பொறவு பழகிட்டு."

"இனிமே நானே பேசுதேன், அம்மா. தினமும் பேசுதேன்."

"பேசு. யாரு வேண்டாம்னா?"

அந்த விடையில் கோபம் இல்லை. எதிர்பார்ப்பும் இல்லை. அதைக் கேட்டபோது, காலையில் ஓடிய ஓட்டத்தில் வராத அச்சம் அவளுக்கு இப்போது வந்தது.

விளக்கேற்றும் நேரம் ஆயிற்று. சுவரோரப் பெட்டியில் மணி ஒலித்து, பச்சை ஒளி படர்ந்தது. அம்மா கீரைத் தட்டை நகர்த்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெட்டியின் முன்னே போய் உட்கார்ந்தார்.

"அம்மா." பெட்டியிலிருந்து வந்தது குழல்வாய்மொழியின் குரல், ஆனால், அவளிடம் என்றும் இருந்திராத நிதானம் அதில் இருந்தது. "இன்னைக்கு முட்டு எப்படிம்மா இருக்கு? சந்தைக்கு நடந்தா போன? ஆட்டோவுல போன்னு சொன்னேன்லா."

"நடந்துதான் போனேன். வெயில் இல்லட்டி."

குழல்வாய்மொழி எழுந்து, பெட்டியை அணைக்கக் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக ஒதுக்கிவிட்டார்.

"இரு. அவ பேசிக்கிட்டு இருக்கால்ல."

"யாரும்மா பக்கத்துல?" என்றது பெட்டி. "யாரோ இருக்க மாதிரி கேக்கு."

அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தார். காக்கிச் சட்டையையும், இடுப்புப்பட்டையையும், கையிலிருந்த தொப்பியையும் பார்த்தார். பிறகு பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போலீசுல இருந்து வந்திருக்காவ. ஏதோ விசாரணையாம். இப்பப் போயிருவாவ. நீ சொல்லுட்டி."